நாலு உருண்டை, வெறும் வயிற்றில்!

2020-ம் வருஷம் மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஆபீஸில் யாராவது ஒரு புண்ணியவான் கையில் சின்னக் குப்பியோடு மேஜை மேஜையாக வந்திருப்பார்.

"கையை நீட்டுங்க ஸார். நாலே உருண்டை. மூணு நாள், வெறும் வயித்துல. அப்புறம் கொரோனா உங்க தெருப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது!"

நீட்டினோம். கசக்கவில்லை. ஊசி இல்லை. காசும் கேட்கவில்லை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்போம் என்று நம்மைச் சும்மாவா சொன்னார்கள்? இது தித்திப்பு வேறு!

குப்பியின் மேல் 'ஆர்சனிகம் ஆல்பம் 30' என்று எழுதியிருக்கும். "ஆர்சனிக்னா பாஷாணமாச்சே?" என்று கேஷியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்திருப்பார். உருண்டைக்காரர் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க, இதுல அது துளிக்கூட இருக்காது" என்று சமாதானம் சொல்லியிருப்பார்.

அவர் சொன்னதில் இந்தக் கடைசி வாக்கியம் நூற்றுக்கு நூறு நிஜம். மற்றதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதை கொரோனாவோடு ஆரம்பிக்கவும் இல்லை, கொரோனாவோடு முடியவும் இல்லை. மழைக்காலத்தில் டெங்கு வரும்போது அதே உருண்டை வேறு லேபிளோடு வருகிறது. கதைக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது.

* * *

சாமுவேல் ஹானிமன். ஜெர்மனியில் மைஸன் என்ற ஊரில் 1755-ல் பிறந்தவர். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். ஆனால் தொழிலை விட்டுவிட்டார். காரணம், அந்தக் காலத்து வைத்தியத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது. எந்த வியாதியானாலும் நரம்பைக் கீறி ரத்தத்தை எடு, பேதிக்குக் கொடு, பாதரச உப்பைக் கொடு. அவ்வளவுதான் வைத்தியம். 1792-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் லியோபோல்டுக்குக் காய்ச்சல் வந்தபோது அரண்மனை வைத்தியர்கள் திரும்பத் திரும்ப ரத்தத்தை வடித்தார்கள். சக்கரவர்த்தி போய்ச் சேர்ந்தார். "ஒரு தடவை எடுத்துக் குணமாகவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் மறுபடி எடுத்தீர்கள்?" என்று பத்திரிகையில் பகிரங்கமாகக் கேட்டவர் ஹானிமன். தைரியசாலி. அதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது நியாயமில்லை.

பிராக்டீஸ் இல்லை, வீடு நிறையக் குழந்தைகள். வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவப் புத்தகங்களை மொழிபெயர்த்தார். 1790-ல் அப்படி ஒரு ஆங்கிலப் புத்தகத்தை ஜெர்மனில் பெயர்க்கும்போது, சிங்கோனா பட்டை மலேரியாக் காய்ச்சலை நிறுத்துவதற்குக் காரணம் அதன் கசப்பு என்று எழுதியிருந்ததைப் படித்தார். 'அதைவிடக் கசப்பானதெல்லாம் இருக்கிறதே, அவையெல்லாம் ஏன் நிறுத்தவில்லை?' என்று சந்தேகம். தானே பட்டையைச் சாப்பிட்டுப் பார்த்தார். நன்றாக இருந்த மனுஷனுக்குக் கை கால் சில்லிட்டது, நாடி துடித்தது, மலேரியா வந்த மாதிரியே இருந்தது. (பிற்பாடு பட்டையை விழுங்கிப் பார்த்த பலருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.)

அங்கேதான் பொறி தட்டியது. எது நல்ல உடம்பில் ஒரு நோயின் அடையாளங்களை உண்டாக்குமோ, அதுவே அந்த நோயைத் தீர்க்கும். முள்ளை முள்ளால் எடு என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். 1810-ல் இதற்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஜென்னரின் அம்மை குத்தும் முறைகூடத் தன் சித்தாந்தத்துக்கு ஒரு சாட்சி என்று பெருமையாகக் குறிப்பிட்டார். இன்றைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்கிற அவருடைய சிஷ்யர்கள் சிலர் இந்தப் பக்கத்தைச் சௌகரியமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

முள் விஷமாக இருந்தால்? அதற்கும் வழி கண்டுபிடித்தார். மருந்து ஒரு சொட்டு, சாராயம் 99 சொட்டு. குலுக்கு. அதிலிருந்து ஒரு சொட்டு, மறுபடி 99 சொட்டு. குலுக்கு. இப்படி 30 தடவை செய்தால் அதுதான் லேபிளில் இருக்கும் '30'. நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்பது அவர் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்படாதீர்கள், சின்னக் கணக்கு. ஒரு சொட்டு மருந்தை உலகத்திலுள்ள எல்லாக் கடல்களிலும் கொட்டிக் கலக்கினால் எவ்வளவு நீர்க்குமோ, அந்த அளவை 13-வது குலுக்கலிலேயே தாண்டிவிடுகிறோம். இன்னும் 17 குலுக்கல் பாக்கி! 12-வது குலுக்கல் வாக்கிலேயே மூல மருந்தின் ஒரு மூலக்கூறாவது குப்பியில் தங்கியிருக்குமா என்பது சந்தேகம். 30-ல் சந்தேகமே இல்லை. இல்லை.

"பெருங்காய டப்பா காலியானாலும் வாசனை போகாதே ஸார்!" என்பார்கள். நல்ல வாதம். ஆனால் பெருங்காய டப்பாவில் வாசனை வருகிறதென்றால் அங்கே இன்னும் பெருங்காயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே டப்பாவை 30 தடவை கழுவிவிட்டு முகர்ந்து பாருங்கள். தண்ணீருக்கு ஞாபக சக்தி உண்டு என்று 1988-ல் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, ழாக் பென்வெனிஸ்ட், 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிப் பரபரப்பாக்கினார். பத்திரிகையின் ஆசிரியரே ஒரு குழுவோடு அவருடைய பரிசோதனைச் சாலைக்குப் போய் உட்கார்ந்தார். எது மருந்து, எது வெறும் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாமல் குப்பிகளுக்கு ரகசிய நம்பர் போட்டதும், ஞாபக சக்தி மறந்துபோய்விட்டது.

ஹானிமனிடம் நம் ஊர்க்காரர்கள் மன்னிக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. காபி கூடாது என்றார்! 1803-ல் காபிக்கு எதிராகத் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். கும்பகோணத்துப் பக்கம் பிறந்திருந்தால் ஹோமியோபதியே உண்டாகியிருக்காது.

* * *

சரி, கொள்ளை நோய்க்கு வருவோம்.

1831-ல் ஐரோப்பாவைக் காலரா சூறையாடிக்கொண்டு வந்தது. வங்காளத்திலிருந்து 1817-ல் கிளம்பியது அந்த யாத்திரை. ஹானிமன் அப்போது கோத்தன் என்ற சின்ன ஊரில் இருந்தார். காலரா நோயாளியைக் கண்ணால் பார்க்காமலே, வந்த கடிதங்களைப் படித்து, கற்பூரம்தான் மருந்து என்று சொன்னார். சாராயத்தில் கரைத்த கற்பூரம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. (இது 30 தடவை குலுக்கியதில்லை, வாசனை தூக்கும் அசல் கற்பூரம். ஆபத்துக் காலத்தில் தாத்தாவே தன் விதியைத் தளர்த்திவிட்டார்.) கூடவே இன்னொன்றும் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிர்கள்தான் இந்த நோயைப் பரப்புகின்றன போலிருக்கிறது என்று. ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை உறுதி செய்ததற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால்! கற்பூரத்தைவிட இந்த ஒரு வரிக்காக அவருக்கு மாலை போடலாம்.

ஹோமியோபதிக்காரர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் சம்பவம் 1854-ல், லண்டனில் நடந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது பொய்யில்லை.

ஸோஹோ பேட்டை. ஆகஸ்ட் 31-ம் தேதி ராத்திரி காலரா வெடித்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் காலி. பிராட் தெருவில் இருந்த ஒரு கை பம்ப்தான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தார். செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இந்தக் கதை பலருக்குத் தெரியும்.

தெரியாத கதை, அந்த பம்புக்குக் கூப்பிடு தூரத்தில், கோல்டன் ஸ்கொயர் என்ற இடத்தில் இருந்த லண்டன் ஹோமியோபதி ஆஸ்பத்திரியின் கதை. காலரா நோயாளிகளுக்கென்று அதைத் திறந்துவிட்டார்கள். வந்து சேர்ந்தவர்கள் 61 பேர். இறந்தவர்கள் 10 பேர். அதாவது நூற்றுக்கு 16. அதே சமயம் ஊரில் மற்ற ஆஸ்பத்திரிகளில் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

அரசாங்கம் எல்லா ஆஸ்பத்திரிகளின் கணக்கையும் சேர்த்து ஒரு பெரிய அறிக்கை போட்டது. அதில் ஹோமியோபதி ஆஸ்பத்திரியின் கணக்கை மட்டும் காணோம். பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. 'அதைச் சேர்த்தால் விஞ்ஞானத்துக்கு விரோதமான ஒரு முறைக்கு நாமே ஒப்புதல் கொடுத்த மாதிரி ஆகிவிடும்' என்கிற தோரணையில் பதில் வந்தது. கடைசியில் 1855-ல் கணக்கை வெளியே எடுத்து வைத்தார்கள். மேற்பார்வை பார்த்த அரசாங்க டாக்டர் மக்லாக்லின் பரம்பரை அலோபதிக்காரர். அவரே, 'எனக்குக் காலரா வந்தால் ஹோமியோபதி டாக்டரிடம்தான் போவேன்' என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

படித்தால் நமக்கே ரத்தம் கொதிக்கிறது, இல்லையா? கணக்கை மறைத்தது அயோக்கியத்தனம்தான். அதில் இரண்டாவது பேச்சே வேண்டாம்.

ஆனால் கேள்வி வேறு. உருண்டைதான் பிழைக்க வைத்ததா?

மற்ற ஆஸ்பத்திரிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். காலராவில் மனிதன் சாவது கிருமி கடித்து அல்ல. உடம்பிலிருக்கும் தண்ணீரும் உப்பும் வாந்தியாகவும் பேதியாகவும் வெளியேறுகிறது. முற்றிய கேஸில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். ரத்தம் பாகு மாதிரி ஆகிவிடுகிறது. காலையில் ஆபீஸ் போனவர் ராத்திரிக்குள் காலி. அப்படிப்பட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், நரம்பை வெட்டி இருக்கும் ரத்தத்தையும் எடுத்தார்கள். பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக்கினார்கள். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். ஆமாம் ஸார், நிற்காமல் பேதியாகிறவனுக்கு விளக்கெண்ணெய்!

கோல்டன் ஸ்கொயரில் என்ன செய்தார்கள்? படுக்கையில் போட்டார்கள், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள், உருண்டையும் சொட்டும் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை. பேதிக்குக் கொடுக்கவில்லை. அதாவது, கெடுதல் செய்யாமல் இருந்தார்கள். 1854-ல் அது எவ்வளவு பெரிய வைத்தியம் என்பதற்கு அந்த 61 பேரில் பிழைத்த 51 பேர் சாட்சி.

அதே ஸோஹோவில் இன்னொரு கணக்கும் உண்டு. பிராட் தெருவிலேயே ஒரு பீர் தொழிற்சாலை. எழுபது பேருக்கு மேல் வேலை. ஒருத்தரும் காலராவில் சாகவில்லை! ஸ்னோ போய் முதலாளியிடம் விசாரித்தார். தொழிலாளர்களுக்குத் தினம் பீர் இனாம், பம்புப் பக்கமே அவர்கள் போவதில்லை என்று தெரிந்தது. ஹோமியோபதிக் கணக்கைப் போலவே இதையும் எடுத்துக்கொண்டால் காலராவுக்கு பீர்தான் கைகண்ட மருந்து என்று ஆகிவிடும். (இந்தப் பாராவை மட்டும் கத்தரித்து வீட்டில் காட்டுகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.)

பீர் குணப்படுத்தவில்லை. கெட்ட தண்ணீரிலிருந்து காப்பாற்றியது. உருண்டையும் குணப்படுத்தவில்லை. கெட்ட வைத்தியரிடமிருந்து காப்பாற்றியது.

நிஜமான வைத்தியம் அப்போதே ஒருத்தர் கையில் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1832-ல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர், செத்த மாதிரிக் கிடந்த காலரா நோயாளிகளுக்கு நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷமே அவர் காலமானார். வைத்திய உலகம் அந்தக் குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டது.

அதைத் தூசி தட்டி எடுத்து, குழாய் இல்லாமலே செய்து காட்டியவர் நம் நாட்டுக்காரர். 1971. பங்களாதேஷ் யுத்தம். எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாம்களில் காலரா. மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரில் திலீப் மஹாலனாபிஸ் என்ற டாக்டரிடம் குளுகோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. உப்பும் குளுகோஸும் சோடா உப்பும் வாங்கி, கலந்து, டிரம்மில் தண்ணீரில் கரைத்து, 'குடிக்கக் கொடுங்கள், குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள்' என்று சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்று இருந்த சாவு, நாலுக்கும் கீழே வந்தது. இன்றைக்கு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். 2022-ல் அவர் இறந்தார். பத்ம விபூஷண் மறுவருஷம் வந்தது. வழக்கம்போல லேட்.

1854-ல் உருண்டைக்கு எதிரே நின்றது கத்தியும் பாதரசமும். உருண்டை ஜெயித்தது. இன்றைக்கு எதிரே நிற்பது உப்புத் தண்ணீர், ஆன்டிபயாடிக், தடுப்பூசி. உருண்டை அதே உருண்டைதான். எதிராளி மாறிவிட்டார்.

* * *

நம் நாட்டில் ஹோமியோபதி காலூன்றியதற்கும் கொள்ளை நோய்தான் காரணம். 1840-களிலேயே தஞ்சாவூரில் சாமுவேல் புரூக்கிங் என்ற ரிடையரான சர்ஜன் ராஜாவின் ஆதரவோடு ஹோமியோபதி ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மங்களூரில் அகஸ்டஸ் முல்லர் என்ற பாதிரியார் 1880-ல் ஏழைகளுக்கு உருண்டை கொடுக்க ஆரம்பித்து, பிளேக் வந்தபோது அதற்கென்று தனி ஆஸ்பத்திரியே கட்டினார்.

எல்லாரையும்விட ருசியான ஆசாமி கல்கத்தாவின் மகேந்திரலால் சர்க்கார். எம்.டி. பட்டம் வாங்கிய பெரிய அலோபதி டாக்டர். ஹோமியோபதியை மேடை போட்டுத் திட்டியவர். 1867-ல் அதே மேடையில் ஏறி, 'நான் கட்சி மாறிவிட்டேன்' என்று அறிவித்தார். கூட இருந்த டாக்டர்கள் ஜாதிப்பிரஷ்டம் செய்யாத குறை. அந்த மனுஷன் அதோடு நிற்காமல், இந்தியர்கள் தாங்களே சோதனை செய்து பார்த்து விஞ்ஞானம் கற்க வேண்டும் என்று 1876-ல் ஊரெல்லாம் நன்கொடை வசூலித்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். முப்பது வருஷம் கழித்து, 1907-ல், அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ் வேலைக்குக் கல்கத்தா போன ஒரு தமிழ் இளைஞர் டிராமிலிருந்து அந்தச் சங்கத்தின் போர்டைப் பார்த்துவிட்டு இறங்கினார். பகலில் பைல், சாயங்காலம் அங்கே பரிசோதனை. சி.வி.ராமனுக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சி அந்தக் கட்டிடத்தில்தான் நடந்தது. ஹோமியோபதியால் இந்தியாவுக்கு நிச்சயமாக ஒரு நன்மை உண்டென்றால், இது.

* * *

'சோதனை செய்து பார்' என்பதுதான் விஷயமே. கொள்ளை நோய் சமயத்தில் அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

1999-லிருந்து சில வருஷங்கள் ஆந்திர அரசு மூளைக் காய்ச்சலைத் தடுக்க லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு பெல்லடோனா முதலான உருண்டைகளைக் கொடுத்தது. அப்புறம் கேஸ்கள் குறைந்தன. ஆஹா என்றார்கள். ஆனால் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இருக்கிறதே, அது வயல் தண்ணீரில் பெருகும் கொசுவையும், ஊருக்குள் திரியும் பன்றியையும், அந்த வருஷத்து மழையையும் பொறுத்தது. ஒரு வருஷம் தலைவிரித்து ஆடும், அடுத்த இரண்டு வருஷம் சத்தமே இருக்காது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, பழமாக விழுந்ததா? உருண்டை கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் குலுக்கல் முறையில் பிரித்து எண்ணியிருந்தால் சொல்லலாம். எண்ணவில்லை.

க்யூபாவில் 2007-ல் பெருமழைக்குப் பின் எலிக்காய்ச்சல். தடுப்பூசி எல்லாருக்கும் போதாது. கிருமியிலிருந்தே தயாரித்து நீர்க்க வைத்த ஹோமியோபதிச் சொட்டைக் கிழக்கு மாகாணங்களில் 20 லட்சத்துக்கும் அதிகமான பேருக்குக் கொடுத்தார்கள். நோய் இறங்கியது. அங்கேயும் அதே ஓட்டை. ஒரு கொள்ளை நோய் உச்சியில் இருக்கும்போதுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு எதையாவது கொடுக்கும். உச்சியிலிருந்து போகும் வழி கீழேதானே?

இதற்கு மாறாக, சின்னதாக, ஒழுங்காகச் செய்த ஒரு பரிசோதனை உண்டு. கனடாவில் 150 காலேஜ் மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு நிஜத் தடுப்பூசி, சிலருக்கு ஹோமியோபதி 'தடுப்பூசி', சிலருக்கு வெறும் உருண்டை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. நிஜ ஊசியில் சக்தி ஏறியது. ஹோமியோபதியிலும் வெறும் உருண்டையிலும் நின்ற இடத்திலேயே நின்றது.

இப்போது நம் கொரோனாவுக்கு வாருங்கள். ஆர்சனிகம் ஆல்பம் 30-ஐ முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் அறிக்கை விட்டது 2020 ஜனவரி 29-ம் தேதி. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் உறுதியானது ஜனவரி 30-ம் தேதி. நோயாளியே வரவில்லை, மருந்து வந்துவிட்டது!

இது அலோபதி விதிப்படி தப்பா என்பதை விடுங்கள். ஹானிமன் விதிப்படி சரியா? ஒவ்வொரு கொள்ளை நோயும் புதுசு, பல நோயாளிகளைப் பக்கத்திலிருந்து கவனித்து, எல்லாருடைய அடையாளங்களையும் திரட்டிய பிறகுதான் அந்தத் தொற்றுக்கான மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் புத்தகத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். தாத்தா இருந்திருந்தால் முதல் கண்டனக் கடிதம் அவரிடமிருந்துதான் வந்திருக்கும்.

கொரோனா வந்த நூறு பேரில் பெரும்பாலோர் தானே தேறினார்கள். அதனால் யார் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுவே காப்பாற்றியது என்று ஆயிற்று. உருண்டை, கஷாயம், மிளகு ரசம், எல்லாமே ஜெயித்தன. தோற்றவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை.

"சரி ஸார், பலன் இல்லாட்டி போகட்டும். கெடுதல் ஒண்ணும் இல்லையே?" என்பீர்கள். இது எல்லாரும் கேட்கிற கேள்வி.

உருண்டையால் கெடுதல் இல்லை. உருண்டை தரும் தைரியத்தால்தான் கெடுதல். "நான் போட்டாச்சு" என்று முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறியவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் 2000-ல் ஒரு கேஸ் வந்தது. ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுக்குப் போன ஒரு பெண், மலேரியா வராமலிருக்க ஹோமியோபதி மாத்திரையை மட்டும் நம்பிப் போனார். கொடிய ரக மலேரியாவோடு திரும்பினார். உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகித் தீவிர சிகிச்சையில் கிடந்தார். மலேரியாவுக்கு! ஹோமியோபதியே எந்தப் பட்டையிலிருந்து பிறந்ததோ, அந்தப் பட்டையின் அசல் சரக்கான குயினைன் நிஜமாகவே கொல்லக்கூடிய கிருமியால்! நம் நீலகிரியில் நடுவட்டத்தில் வெள்ளைக்காரன் சிங்கோனாத் தோட்டம் போட்டது பொழுது போகாமலா?

காசநோய், மலேரியா, எய்ட்ஸ், இன்ஃப்ளுயன்ஸா, குழந்தைகளின் பேதி, இந்த ஐந்துக்கும் ஹோமியோபதியை நம்பாதீர்கள் என்று 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். நாள்பட்ட தும்மல், தோல் அரிப்பு, தூக்கமின்மை இதற்கெல்லாம் நீங்கள் உருண்டை சாப்பிடுவதைப் பற்றி இந்தக் கட்டுரைக்குக் கவலையில்லை. அங்கே நேரம் இருக்கிறது. டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்கள் மாமியார் முதற்கொண்டு விசாரிக்கிறார், மனசு லேசாகிறது, நல்லதுதான். கொள்ளை நோயில் இல்லாதது அந்த நேரம்.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதல் மூன்று நாள் காய்ச்சல் கொளுத்தும். உடம்பு வலி பிராணன் போகும். உருண்டை ஆரம்பிக்கிறீர்கள். நாலாவது அல்லது ஐந்தாவது நாள் காய்ச்சல் சட்டென்று விடுகிறது. நெற்றி ஜில்லென்று இருக்கிறது. "பார்த்தியா, கேட்டுடுச்சு!" என்று வீடே சந்தோஷப்படுகிறது. டெங்குவில் அதுதான் ஆபத்தான வேளை. காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஆவதில்லை, தானே தேறிவிடுகிறார்கள். அதனால்தான் உருண்டைக்கு நல்ல பெயர். ஆகிறவர்களுக்கு, அந்த வேளையில் சரியான அளவில் நீர் ஏற்றினால் பிழைக்கிறார்கள். அரை நாள் தாமதித்தால் சொல்ல முடியாது.

கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை காரணமில்லாமல் சுருண்டு படுப்பது அல்லது இருப்புக் கொள்ளாமல் புரள்வது. இதில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஆட்டோவைத் தேடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகையறா எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வயசான ஹோமியோபதி டாக்டர் இருக்கிறார். சுவரில் ஹானிமன் படம், அதற்குச் சந்தன மாலை, வாசலில் எப்போதும் பத்துச் செருப்பு. இந்தக் கட்டுரையில் உள்ளதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டார். "முப்பது வருஷமா குணமானவங்களை நான் கண்ணால பாக்கறேன், நீங்க மூலக்கூறை எண்ணிட்டு இருக்கீங்க" என்றார். கோல்டன் ஸ்கொயர் கணக்கை அரை மணி நேரம் சொன்னார். காபி கேட்டேன், கிடைக்கவில்லை.

அதற்குள் ஒரு இளைஞர் மூன்று வயசுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், கையைத் திருப்பிப் பார்த்தார். உருண்டையைக் காகிதத்தில் மடித்தார். மடித்த பொட்டலத்தின் மேல் எத்தனை வேளை என்று எழுதுவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார்.

"இது இருக்கட்டும். நேரா அங்க போயி ரத்தம் டெஸ்ட் பண்ணிடு. நாளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு வீட்டுல உக்காந்துடாதே தம்பி, விட்டாத்தான் மறுபடி போகணும். புரிஞ்சுதா?"

அவர் தலையாட்டிவிட்டுப் பர்ஸை எடுத்தார்.

"காசு அப்புறம். முதல்ல ஆட்டோவைப் பிடி."